சுமார் நாற்பது பேர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வீட்டில் இருப்பவர்கள் இதனால் படாதபாடு படுகிறார்கள், அது அவர்கள் தலையெழுத்து. ஆனால் அந்தக் கப்பல் விஷயத்தில் வந்த கோபத்துக்கு நான் பொறுப்பில்லை. அதைக் கிளப்பிவிட்டது ஒரே ஒரு சொல். 'சுமார்.'

வெளிநாட்டில் ஒரு துறைமுக அருங்காட்சியகத்தில் எனக்கு ஒப்பந்த வேலை. போரில் மூழ்கடிக்கப்பட்ட ஒரு கப்பலுக்கு, ஐம்பது ஆண்டு நிறைவை ஒட்டி, நினைவுச் சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேல்தளங்களில் படைவீரர்கள், கீழே சரக்கு என்று போன கப்பல். அதில் இறந்தவர்கள் யார் யார் என்று தேடித் தொகுப்பது என் வேலை. சுவருக்குப் பக்கத்தில் வைக்கும் விளக்கப் பலகையை அவர்கள் மொழியிலிருந்து தமிழில் எழுதித் தருவதும் என் தலையில்தான் விழுந்தது. அந்த ஊரில் நம் ஆட்கள் நிறைய, அதனால் தமிழிலும் ஒரு பலகை. நிலவறையில் ஒரு மேசையும் ஒரு காலாடும் நாற்காலியும் கொடுத்திருந்தார்கள். ஈரத்தை உறிஞ்ச ஒரு இயந்திரம் நாள் முழுக்க உறுமிக்கொண்டே இருக்கும்.

படைவீரர்கள் விஷயத்தில் பிரச்சினையே இல்லை. பெயர், பதவி, வயது, சொந்த ஊர், எந்தப் பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்பதுவரை இருந்தது. சரக்கும் அப்படியே. மாவு மூட்டைக்குக் கணக்கு, ஜாம் டின்னுக்குக் கணக்கு. கோவேறு கழுதைகள் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் குளம்பில் ஓர் எண், அந்த எண்களும் பத்திரமாக இருந்தன. கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போட்டவர்களுக்கு மட்டும் ஒரே வரி. "உள்ளூர் ஆட்கள், சுமார் நாற்பது பேர்."

ஒரு கழுதை குறைந்திருந்தால் யாராவது பதில் சொல்லியிருக்க வேண்டும். மனிதர்கள் முப்பத்தெட்டா நாற்பத்தொன்றா என்று கேட்க ஆளில்லை. கப்பல் கடைசியாக நின்ற நம் ஊர்த் துறைமுகத்தில் ஓர் ஏஜென்ட் அவசரமாகப் பிடித்து ஏற்றிவிட்ட ஆட்கள். அந்த ஏஜென்டும் போய்ச் சேர்ந்துவிட்டான், அவன் அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது செருப்புக் கடை. ஆகவே சுவரின் கடைசி வரியில் 'மற்றும் சுமார் நாற்பது பணியாளர்கள்' என்று செதுக்குவதாக நினைவுக் குழு முடிவு செய்து, தமிழ்ப் பத்திரிகையிலும் போட்டுவிட்டது.

அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் டாக்சி அக்கா நிலவறைக்கு இறங்கி வந்தார். ஐம்பது வயது, சொந்த டாக்சி, அந்த ஊர் மொழி சவாரிக்குப் போதுமான அளவு மட்டும். வண்டியை நேராக அருங்காட்சியக இயக்குநர் கார் நிறுத்தும் இடத்தில் நிறுத்திவிட்டு, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"அந்த சுமார்ல ஒருத்தர் எங்கப்பா," என்றார், உட்காரும் முன்பே.

பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். காலாடும் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் நின்றேன்.

"சுமாரா வேலை பாத்தாருன்னு சொல்லட்டும், ஒத்துக்கறேன். ஒரு மனுசன் சுமாரா எப்படிம்மா சாவான்? என் மீட்டர்லகூட சுமார் கிடையாது."

அப்பா கப்பலேறும்போது இவர் வயிற்றில். கப்பல் மூழ்கிய சேதி வந்ததும், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இவருடைய அம்மா கப்பல் ஆபீசுக்கு ஓடியிருக்கிறார். அங்கே இருந்தவன் பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு பெயரே இல்லை, உன் புருஷன் கப்பல் புறப்படும் முன்பே இறங்கி ஓடியிருப்பான், வேறு எங்காவது போய்த் தேடு என்று சொல்லி அனுப்பிவிட்டான். தெருவுக்கு இது போதாதா? அன்றைக்கு ஆரம்பித்தது. ஓடிப்போனவன் பெண்டாட்டி, ஓடிப்போனவன் மகள்.

"எனக்குப் பாத்த முதல் சம்பந்தம் அதாலதான் நின்னுச்சு. அப்பா ஓடிட்டாராமே, பொண்ணு எப்படியோன்னு கேட்டாங்க. அம்மா சாகறப்பவும் வாசலைப் பாத்துட்டே கிடந்துச்சு. அவரு ஓடல, அந்தக் கப்பல்ல செத்தாருன்னு கல்லுல போடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"அவரைப் பத்தி வேற ஏதாவது தெரியுமாக்கா? உயரம், தழும்பு, எதுனாலும் சரி."

"நான் பாத்தாத்தானே! அம்மா சொல்லும், திக்குவாயாம். அதுவும் 'ஆ'வுல வார்த்தை ஆரம்பிச்சுதுன்னா வண்டி ஸ்டார்ட்டே ஆகாதாம். பொண்ணைப் புடிச்சிருக்கான்னு எங்க தாத்தா கேட்டப்ப, ஆமான்னு சொல்ல அவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டாராம். மாப்பிள்ளைக்கு இஷ்டமில்ல போலன்னு தாத்தா எந்திரிச்சே போயிட்டாராம்!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அதையும் எழுதிக்கொண்டேன்.

குழுத் தலைவரிடம் போனேன். ஓய்வுபெற்ற கடற்படைக்காரர், நம் மொழி ஒரு சொல்லும் தெரியாது. நல்ல மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். விதியை எடுத்துச் சொன்னார். பெயர் ஏற வேண்டுமென்றால் எழுத்தில் ஆதாரம் வேண்டும், அல்லது கப்பலில் இருந்து பிழைத்த ஒருவருடைய சாட்சியம் வேண்டும். திக்குவாய் ஓர் ஆதாரமா என்று புன்னகைத்தார். பிழைத்ததே சிலர்தான், அவர்களில் இப்போது ஒருவரும் உயிரோடு இல்லை.

ஆனால் அவர்கள் குரல் இருந்தது. பல வருடம் முன்பு அருங்காட்சியகம் அவர்களைப் பேட்டி எடுத்து, கேசட்டில் பதிந்து வைத்திருந்தது. பேசியதையெல்லாம் தட்டச்சும் செய்திருந்ததால் ஒலிநாடாவை யாரும் தொடவில்லை. ஏதாவது ஒரு சொல், ஓர் அடையாளம் எங்காவது சிக்காதா என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்க ஆரம்பித்தேன். பெரும்பாலும் குளிர், பசி, படகு, நண்பன். கரி அள்ளியவர்கள் பேச்சிலேயே வரவில்லை.

அவர்களைப் பற்றிப் பேசியவர் ஒரே ஒருவர், ஓர் இளம் அதிகாரியாக அந்தக் கப்பலில் போனவர். அவர் பேச்சை வைத்துத்தான் விளக்கப் பலகையில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தார்கள். மொழிபெயர்ப்பதற்காக அது என் மேசைமேல் கிடந்தது. "கொதிகலன் அறைப் பணியாளர்கள் கடைசி நொடிவரை தங்கள் தெய்வத்தைப் பாடித் துதித்து, அமைதியாக மரணத்தை ஏற்றனர்."

அதிகாரிக்கு இனிமையான குரல். கப்பல் அடிபட்டதும், தண்ணீர் மேலே பரவாமல் இருக்கக் கொதிகலன் அறையின் இரும்புக் கதவை மூடச் சொல்லி உத்தரவு வந்ததாம். கீழே இருந்தவர்கள் மேலே வந்திருப்பார்கள் என்று நினைத்து, வெளியிலிருந்து தாழ்ப்பாளை முறுக்கிவிட்டார்களாம். அதற்குப் பிறகுதான் உள்ளேயிருந்து அந்தப் பாட்டு கேட்டதாம். அப்படி ஒரு பக்தியைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லையாம். எப்படிப் பாடினார்கள் என்று பேட்டி எடுத்தவர் கேட்டார். தட்டச்சுத் தாளில் அந்த இடத்தில் 'பாடிக் காட்டுகிறார்' என்று மட்டும் இருந்தது.

பாடிக் காட்டினார். எத்தனையோ விருந்துகளில் பாடிப் பழகிய லாகவம்.

"உல்லே ஆ, ஆ, ஆ, ஆலிருக்கூ... உல்லே ஆ, ஆ, ஆ, ஆலிருக்கூ..."

எவ்வளவு அழகு என்றார் பேட்டி எடுத்தவர்.

திருப்பிப் போட்டேன். மறுபடியும் போட்டேன். ராகத்தைக் கழற்றிவிட்டு வெறும் சொல்லை மட்டும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

உள்ளே ஆளு இருக்கு.

குளியலறைக் கதவை வெளியிலிருந்து யாராவது தள்ளினால் நாம் என்ன சொல்வோம்? அதைத்தான் அந்த மனிதர்கள் சொல்லியிருக்கிறார்கள். தெய்வமும் இல்லை, துதியும் இல்லை. தாழ்ப்பாள் முறுக்கும் சத்தம் கேட்டு, ஐயோ, நாங்கள் இருக்கிறோம், மூடாதே என்று கத்தியிருக்கிறார்கள். கதவுக்கு மிக அருகில் நின்று கத்திய ஒருவருக்கு மட்டும் அந்த 'ஆ' வரவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, அந்த ஒரு எழுத்தோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். அந்தப் போராட்டத்தை ஆலாபனை என்று ரசித்திருக்கிறார்கள்!

பிரார்த்தனை செய்கிறவனுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டியதில்லை, பாருங்கள். அதனால்தான் அது அவர்கள் காதில் பிரார்த்தனையாக விழுந்தது. ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். ஒரு பக்கம் உடைந்தது, உடையட்டும்.

டாக்சி அக்காவை வரவழைத்தேன். எதுவும் சொல்லாமல், உடைந்த ஹெட்போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு கேசட்டை ஓடவிட்டேன். முதல் முறை ஒன்றும் பிடிபடாமல் என்னைப் பார்த்தார். இரண்டாம் முறை முகம் மாறியது. மூன்றாம் முறை அவர் உதடும் சேர்ந்து அசைந்தது. திக்கிப் பேசுகிறவர் முன்னால் நிற்கும்போது அந்தச் சொல்லை நாமே முடித்துக் கொடுக்கத் தவிப்போமே, அந்தத் தவிப்பு.

"எங்கப்பாதாம்மா," என்றார். "எங்கயும் ஓடலம்மா. கதவுகிட்டயே நின்னுருக்காரு."

மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

மறுநாள் இருவருமாகத் தலைவர் அறைக்குப் போனோம். பளபளக்கும் நீண்ட மேசை, சுவரில் கப்பல்களின் படம். கேசட்டைப் போட்டேன். ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து அர்த்தம் சொன்னேன். திக்குவாய் பற்றியும் சொன்னேன். இந்த முறை அவர் புன்னகைக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார்.

இது சாட்சியம்தான், உங்கள் அப்பாவின் பெயர் சுவரில் ஏறும், அதற்கு நான் பொறுப்பு என்றார். மொழிபெயர்த்துச் சொன்னதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் என் மோதிரம் அழுந்தி வலித்தது.

அதோடு தலைவர் நிறுத்தியிருக்கலாம். பலகை பற்றி ஒரு வேண்டுகோள் என்று மெதுவாக ஆரம்பித்தார். அந்த அதிகாரியின் மகன்தான் சுவரைத் திறந்து வைக்கிறார். அப்பாவைத் தெய்வமாக நினைப்பவர். செத்துப்போன அந்த அதிகாரி வேண்டுமென்றா செய்தார், புரியாமல்தானே? எங்கள் மொழிப் பலகையில் அந்தப் பாட்டு வாக்கியம் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், எல்லோருக்கும் ஓர் ஆறுதல். தமிழ்ப் பலகையில் நீங்கள் உண்மையை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஒரு எழுத்தைக்கூட மாற்றச் சொல்ல மாட்டேன். படிக்க வேண்டியவர்கள் படித்துக்கொள்வார்கள்.

எல்லோருக்கும் ஆறுதலாமே, எந்த எல்லோருக்கும்? நாலு வார்த்தை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஆனால் செத்தது என் அப்பா இல்லை. ஐம்பது வருடம் ஓடிப்போனவன் மகள் என்று கேட்டுக்கொண்டிருந்தவளும் நான் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அக்கா, பேரு ஏறிடும். நீங்க கேட்டது கிடைச்சிடும். வேணுமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்."

அக்கா சாவியை மேசைமேல் வைத்தார். பிறகு தலைவர் முகத்தைப் பார்த்து, தமிழிலேயே பேசினார்.

"தமிழ்ல எழுதி யாருக்குங்க? எங்கப்பா கத்துனது எங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. அவரு எங்களையா கூப்பிட்டாரு? கதவுக்கு அந்தப் பக்கம் நின்னானே, அவனைக் கூப்பிட்டாரு. அவன் மொழியில எழுதுங்க. அவன் மகன் படிக்கட்டும். முடியாதுன்னா அந்தப் பொய்க்குப் பக்கத்துல எங்கப்பா பேரு வேணாம். நான் ஓடிப்போனவன் மகளாவே இருந்துட்டுப் போறேன்."

தலைவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் ஏதோ தட்டியிருக்க வேண்டும். அக்கா முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், தணிந்த குரலில் தன் மொழியில் என்னிடம் கேட்டார்.

"என்ன சொல்றாங்க?"

அன்றைக்கு அந்த இரும்புக் கதவுக்கு வெளியே நின்றவர்களில் ஒருவன், ஒரே ஒருவன், இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் போதும்.

நான் சொன்னேன். எதையும் மழுப்பாமல், அக்கா சொன்னபடியே, அவர் மொழியில் சொன்னேன்.