மதிலில் காய்ந்த துணி

"துடைச்சேன் துடைச்சேன்னு சொல்றியே, துடைச்சிருந்தா என் பிள்ளைக்கு ரெண்டு விரல் எதுக்குய்யா போகணும்?"

"துடைச்சேன்க்கா. ஒவ்வொரு நிப்பிளையும் துடைச்சுட்டுத்தான் கன்னையே வச்சேன்."

"அக்காவாம் அக்கா! அந்த உறவையெல்லாம் உன் இரும்புகிட்ட வச்சுக்கோ!"

அடுப்பில் பால் இருந்தது. பொங்கினால் பொங்கட்டும் என்று வாசலுக்கு வந்துவிட்டேன். எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடுகள். பன்னிரண்டு வாசலிலும் ஆள் நின்றது. யாராவது குரலை உயர்த்தினால் குழம்புக்கு உப்புப் போட்டோமா என்பதே மறந்துபோகிற ஜனங்கள் நாங்கள்.

கத்தியது நாலு வீடு தள்ளி இருக்கும் ஆபரேட்டரின் அம்மா. மகன் கல் குவாரியில் மண் அள்ளும் வண்டி ஓட்டுகிறான். வாங்கிக் கட்டிக்கொண்டு நின்றவர் எங்கள் பக்கத்து வீட்டுக் கிரீஸ்காரர். அதே வண்டிக்குக் கிரீஸ் அடிப்பவர். தாய் தகப்பன் போன பிறகு தங்கையை வளர்ப்பதே வேலையாக இருந்தவர், தனக்கென்று ஒரு கல்யாணத்தை நினைக்கக்கூட நேரமில்லாமல் நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டார். அந்தத் தங்கையைத்தான் ஆபரேட்டருக்குப் பேசி முடித்து, நாளும் குறித்திருந்தது. இன்னும் இருபது நாள்.

மண் அள்ளும் வண்டியின் ஒவ்வொரு மூட்டிலும் குமிழ் மாதிரி ஒரு சின்ன முனை இருக்குமாம். அதுதான் நிப்பிள். அதில் கிரீஸ் கன்னை அழுத்தி உள்ளே கிரீஸ் ஏற்றுவார்கள். முனையில் கடுகளவு மண் ஒட்டியிருந்தாலும் கிரீஸோடு அதுவும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு இரும்பைத் தின்னும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? கேட்டால் பத்துத் தடவை சொல்வார் அந்த மனிதர். கேட்காவிட்டாலும் சொல்வார். துடைப்பதில் அப்படி ஒரு பைத்தியம். பூட்டில் சாவியைப் போடுமுன் சாவியைத் துடைப்பார். என் வீட்டு நாற்காலியைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். அதை நான் மறக்கவில்லை.

திங்கட்கிழமை வண்டியின் கைமூட்டில் உள்ள பின் என்கிற தடித்த இரும்பு ஆணி இறுகிப்போனது. அதை அடித்துக் கழற்றும்போது சம்மட்டி நழுவி, பின்மேல் கம்பியை வைத்துப் பிடித்திருந்த ஆபரேட்டரின் கையில் விழுந்தது. இரண்டு விரல் போயிற்று. வெளியே வந்த பின்னைப் பார்த்தால் நகத்தால் பிறாண்டியது போல உடம்பெல்லாம் கோடு. உள்ளே கிரீஸும் மணலும் பிசைந்த மாவு. நிப்பிளைத் துடைக்காமல் கிரீஸ் அடித்திருக்கிறான் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

கிரீஸ்காரர் வீட்டில் போன மாதம் இரவல் வாங்கிய சல்லடையைத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல சமயம் வருமா? எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போனேன்.

தங்கை மதிலருகே நின்றிருந்தாள். மதில் நெடுக அண்ணன் துடைக்கிற துண்டுத் துணிகள் துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தன. மதிலுக்கு அந்தப் பக்கம்தான் கல் லாரி போகிற பாதை. ஒரு துணியை எடுத்து உள்ளங்கையில் உதறினாள். மாவு மாதிரி மணல் கொட்டியது.

"சுத்தமாத்தானேக்கா துவைச்சேன்" என்றாள்.

ஈரத் துணியில் புழுதி ஒட்டி, ஒட்டியபடியே காய்ந்திருக்கிறது. அதைத்தான் தினமும் காலையில் மடித்து அண்ணன் கையில் கொடுத்திருக்கிறாள். அவரும் அழுத்தி அழுத்தித் துடைத்திருக்கிறார்.

முன்பெல்லாம் துவைக்கிற வழக்கமே இல்லை. தையல் கடை வெட்டுத் துணியை மூட்டையாக வாங்கிவருவார். ஒரு நிப்பிளுக்கு ஒரு துண்டு, அப்புறம் குப்பை. அந்தக் குப்பை என் மதிலோரம்தான் குவிந்தது. "கல்யாணப் பொண்ணு இருக்கிற வீட்டுல இப்படிக் கறுப்புக் குவியல் கிடந்தா, வர்றவங்க உன்னைத்தான்டி அழுக்குன்னு சொல்வாங்க" என்று மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். அதற்குப் பிறகுதான் துவைக்க ஆரம்பித்தாள்.

அவள் துணியோடு வாசலுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணா, நான்தான்..."

கிரீஸ்காரர் திரும்பினார். தங்கை கையிலிருந்த துணியைப் பார்த்தார். வாங்கி, கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார். அப்படியே சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

"நீ உள்ளே போம்மா."

"இல்லண்ணா, நான் சொல்..."

"போன்னு சொன்னேன்ல."

பிறகு ஆபரேட்டரின் அம்மாவைப் பார்த்து, "ஆமா. நான் துடைக்கல. அவசரத்துல விட்டுட்டேன்" என்றார்.

இதைத்தானே சொல்லச் சொல்லிக் கத்தினாள் அந்த அம்மாள்? சொன்னதும் அவளே ஓரடி பின்வாங்கினாள். கட்டுப்போட்ட கையோடு மகன் வெளியே வந்து, "விடும்மா. இவர் பண்ணதுக்கு அவ என்ன செய்வா?" என்றான்.

"அவ வரட்டும். அவளை நான் ஒண்ணும் சொல்லல. இவன் மட்டும் என் வாசப்படி மிதிக்கக் கூடாது. கல்யாணத்தன்னைக்கும் இவன் மூஞ்சி என் கண்ணுல படக் கூடாது."

"சரிங்க" என்றார். அக்கா என்கிற வார்த்தை போய்விட்டது.

யார் வீட்டில் யார் தும்மினாலும் நாலு வீட்டுக்குச் சொல்கிற வாய் எனக்கு. அன்றைக்குச் சல்லடையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சொன்னால், துவைக்கச் சொன்னது யார் என்றுதானே அடுத்த கேள்வி வரும்? வீட்டுக்குத் திரும்பியபோது பால் பொங்கி, பாத்திரம் அடி தீய்ந்திருந்தது.

கிரீஸ்காரர் குவாரி ஆபீசிலும் அதையே சொன்னார். வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. அண்ணன் நிற்க வேண்டிய இடத்தில் என் வீட்டுக்காரரை நிற்கச் சொன்னார்கள், நின்றார். அதற்கு ஒரு வாரம் முன்பே கிரீஸ்காரர் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். எங்கேயோ ஒரு குடோனில் கூட்டிப் பெருக்குகிறார் என்று கேள்வி. துடைக்காதவன் என்று பெயர் வாங்கியவன் கையில் யார் கிரீஸ் கன்னைக் கொடுப்பார்கள்?

தங்கை இப்போது எனக்கு நாலு வீடு தள்ளி, மாமியாரோடு இருக்கிறாள். வெயில் கொளுத்தினாலும் துணியை வீட்டுக்குள்தான் காயப்போடுகிறாள். மாமியார் ஏன் என்று கேட்டாளாம், கொடியை இன்னும் உள்ளே தள்ளிக் கட்டினாளாம். சல்லடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அவள் கேட்கவும் இல்லை.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் குடிவந்திருக்கிறது. அந்தப் பெண் அதே மதிலில்தான் துணி உலர்த்துகிறாள். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.