படுக்கையில் விளைந்த புல்

பால்காரியின் கணவர் தூங்கத் தூங்க, அவர் படுத்திருந்த மெத்தையில் கினியாப் புல் வளர்ந்தது. அது மழை பொய்த்த வருஷம். மெத்தைக்குள் அடைத்திருந்தது அவர்கள் கொல்லையில் அறுத்துக் காயவைத்த புல்தான். ஒருமுறை நட்டுவிட்டால் வருஷக்கணக்கில் அறுக்க அறுக்கத் துளிர்க்கிற ஜாதி. பச்சையாக மாட்டுக்கு, காய்ந்தால் மெத்தைக்கு, அறுக்காமல் விட்டால் வரப்பு கரையாமலிருக்க என்று எல்லாவற்றுக்கும் உதவியது. அந்த வீட்டில் எதற்கும் உதவாதவர் ஒருவர்தான் என்று பால்காரி தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். தெரு அவரைத் தூங்குமூஞ்சி என்றது.

கொல்லை காய்ந்து, பசுவின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் மாட்டுத் தரகர் வந்து நின்றார். கன்றிலிருந்து வளர்த்த பசு. கொடுக்க அவளுக்கு மனசே வரவில்லை. வேறு வழியில்லாமல் சரியென்று சொல்லவிருந்த காலையில், கணவரை எழுப்பப் போனவள் அவர் இடுப்புயரப் பச்சைக்குள் குறட்டை விடுவதைப் பார்த்தாள். போய் அரிவாளை எடுத்து வந்தாள். ஒட்ட அறுத்தால் மறுபடி துளிர்க்காது என்று நான்கு விரல் உயரம் விட்டு அவரைச் சுற்றி அறுத்தாள். அவர் புரண்டு இடம் கொடுத்தார். அவரைப் பொறுத்தவரை அதுவே பெரிய ஒத்தாசை. மறுநாளும் புல் வளர்ந்திருந்தது. தரகரைத் திருப்பி அனுப்பியவள், தெருவில் ஹார்ன் அடிப்பவர்களோடு சண்டைக்கும் போனாள்.

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஒருநாள் பாசம் பொங்கி, "இந்த வீடே உங்க தூக்கத்தாலதாங்க ஓடுது" என்று சொல்லிவிட்டாள். அன்றோடு அவருக்குத் தூக்கம் போயிற்று. வாழ்க்கையில் முதல்முறையாகப் பொறுப்பு வந்துவிட்டது, பாவம். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "வளருதா பாரு, வளருதா பாரு" என்று புரண்டார். புல் மஞ்சளடித்தது. தொழுவத்தில் பசு பசியில் கத்தியது. தரகர் இந்த முறை கயிற்றோடு வந்தார்.

பால்காரி கட்டிலருகே போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பழைய குரலை எடுத்தாள்.

"உங்களைக் கட்டிக்கிட்டு நான் என்ன சுகத்தைக் கண்டேன்? ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டிருக்கீங்களா? இருந்தென்ன, இல்லாட்டி என்ன?"

சொல்லச் சொல்ல அவளுக்கே அழுகை வந்தது. கணவரின் முகமோ மெல்லத் தளர்ந்தது. "இப்பதான் வீடு வீடா இருக்கு" என்று முணுமுணுத்தவர் அப்படியே தூங்கிப்போனார். அவர் காதோரம் ஒரு துளிர் எட்டிப் பார்த்தது. தரகர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் படியிறங்கினார்.

மழை வந்து கொல்லை பச்சையான பிறகும், மத்தியானம் சாப்பாடானதும் அவள் கட்டிலருகே வந்து திட்டினாள். அதில் ஒரு சொல்லும் மனசார வந்ததில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் தூங்கினார்.