கறுப்புக் கால் ஆள்காட்டி

இந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வேறு வழியும் இல்லை. திருமங்கலம் தாண்டி ஒரு கண்மாயில், கார்த்திகை மாதம் நான் பார்த்தது வடக்கேயிருந்து வரும் அபூர்வ ஆள்காட்டிப் பறவை. நம்மூர் ஆள்காட்டிக்கு மஞ்சள் கால், அதற்குக் கறுப்புக் கால். சென்னையில் உள்ள பறவைச் சங்கத்துக்கு எழுதினேன். ‘ஆர்வத்தில் கண் ஏமாற்றியிருக்கலாம். இரண்டு சாட்சிகள் பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்பவும்’ என்று ஒரு படிவத்தோடு பதில் வந்தது. பதினாறு வருடமாகப் பறவை பார்க்கிறேன், என் கண் ஏமாற்றுமாம்! அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாட்சிக்கு எனக்கு யார் இருக்கிறார்கள்? கூடப் படித்த இரண்டு பேர்தான். ஸ்ரீநாத் சாயப்பட்டறை வைத்திருக்கிறான். தவ்பீக் மூக்குக்கண்ணாடிக் கடை.

“கையெழுத்துதானே, கொண்டா, இங்கேயே போடுறேன். இதுக்கு எதுக்கு அம்புட்டு தூரம்?” என்றான் தவ்பீக்.

“பாக்காம போட்டா பொய்டா.”

“நீ பாத்துட்டீல்ல மாப்ள, அப்புறமென்ன?”

ஞாயிறு காலை ஐந்தரைக்கு வரச் சொன்னேன். ஸ்ரீநாத்தின் மாருதி வேன் ஏழு மணிக்கு வந்தது. மங்கலான சட்டையாகப் போடுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். தவ்பீக் ரத்தச் சிவப்பில் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தான். கப்பலூரில் டீ குடித்தாக வேண்டும், திருமங்கலத்தில் வடை தின்றாக வேண்டும். கண்மாய்க் கரையில் ஸ்ரீநாத் வேன் கதவை அறைந்து சாத்திய சத்தத்தில் கொக்கு, நாரை எல்லாம் எழுந்து போய்விட்டன. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

“போனா என்னடா, வேற வரும்” என்றான் அவன்.

“பேசாம உக்காருங்கடா!”

பத்து மணிக்கு அதே பறவை வந்தது. வெள்ளைப் புருவமும் கறுப்புக் காலுமாகச் சேற்றில் தனியே நின்றது. தவ்பீக்கைத் தொலைநோக்கியில் பார்க்கச் சொன்னேன்.

“எருமைக்குப் பக்கத்துலயா?”

“அதுக்கு இடது பக்கம்டா!”

“எருமை நல்லாத் தெரியுது.”

அவனைத் தள்ளிவிட்டு ஸ்ரீநாத் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

“சௌரி, இது கறுப்பு இல்ல.”

“வாயை மூடு.”

“தெனமும் நூலைச் சாயத்துல முக்கி எடுக்கிறவன்டா நான். மஞ்சள் மேல சேறு ஒட்டியிருக்கு. பாரு, முட்டிக்கிட்ட விட்டுப்போயிருக்கு.”

அந்தப் பாழாய்ப்போன பறவை அப்போது பார்த்துத் தண்ணீரில் இறங்கி நான்கு அடி நடந்தது. மேட்டில் ஏறி நின்றபோது கால் எலுமிச்சம்பழ நிறத்தில் இருந்தது. முகத்தைத் திருப்பியது. அலகடியில் மஞ்சள் சதை, சின்னதாக. நம்மூர் ஆள்காட்டியேதான், இந்த வருடத்துக் குஞ்சு! பதினாறு வருடம் பார்த்துக் கிழித்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காலையிலிருந்து வாய் ஓயாத ஸ்ரீநாத் என் தோளில் கை போட்டான். அதுவும் எரிச்சலாக இருந்தது.

தவ்பீக் என் பையிலிருந்து பேனாவை உருவினான். “படிவத்தக் குடு. கறுப்புன்னே எழுது. நாங்க ரெண்டு பேரும் பாத்தோம்.”

“நீ எருமையைத் தவிர எதைடா பாத்த?”

“உன் கண்ணு ஏமாத்துச்சுன்னு எழுதுனான்ல அவன்? எனக்கு அது போதும்.”

ஸ்ரீநாத்தும் தலையாட்டினான். மஞ்சளைக் கண்டுபிடித்துச் சொன்னவனே அவன்தான்!

கறுப்பு என்று எழுதிவிடத்தான் கை போனது. எழுதினால் சங்கத்தின் பட்டியலில் என் பெயர் அச்சாகும். இவர்கள் சாகும்வரை வெளியே சொல்ல மாட்டார்கள். அது தெரிந்ததால்தான் என்னால் முடியவில்லை. ‘மஞ்சள்மூக்கு ஆள்காட்டி. முன்பு எழுதியது என் பிழை’ என்று எழுதினேன். இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள்.

பத்து நாளில் பதில் வந்தது. ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது. சாட்சிகள் இருவருக்கும் நன்றி.’ எனக்கு ஒரு வார்த்தை கிடையாது.

அந்தக் கடிதத்தைத் தவ்பீக் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறான். கண்ணாடி வாங்க வருகிறவர்களிடமெல்லாம், எங்க சௌரி அபூர்வப் பறவை பார்த்ததுக்குச் சென்னையிலிருந்து வந்தது என்கிறான். இல்லடா, அது சாதாரணப் பறவைடா என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். கேட்கவே மாட்டேன் என்கிறான்.