பெரியக்கா பதில்கள்

‘அன்னாரது’ என்று எழுதிவிட்டு, பொன்னுராஜ் அதை அடித்தான். செல்லக்கனிக்கு அந்தச் சொல் பிடிக்காது. “யாரு வீட்டுல அன்னாரதுன்னு பேசுதாங்க?” என்பாள்.

உள்ளே அவளைக் கிடத்தியிருந்தார்கள். அவன் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்கான இரங்கல் போஸ்டரை எழுதிக்கொண்டிருந்தான். ராஜபாளையத்தில் கடைத் திறப்பு, ஆடித் தள்ளுபடி, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் வாசகம் எழுதித் தருகிறவன் அவன். அச்சகக்காரர் காமராஜ் காலையில் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்து, பழக்கத்தில் சட்டைப்பையிலிருந்து வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டிவிட்டார். நீட்டிய பிறகுதான் அவருக்கே உறைத்தது.

“ஐயோ, குடு பொன்னு. நான் பாத்துக்கிடுதேன்.”

அவன் தாளைக் கொடுக்கவில்லை.

செல்லக்கனி, வயது இருபத்தாறு. இன்னார் மகள். பொன்னுராஜ் பி.ஏ. மனைவி. திங்கள் இரவு இயற்கை எய்தினார். அதன் கீழே இடம் இருந்தது. அங்கே எழுதினான்: ‘நம்ம வீடு இதழில் மூன்று ஆண்டுகளாகப் பெரியக்கா பதில்கள் எழுதியவர்.’

காமராஜ் வாங்கிப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். செல்லக்கனியின் கையெழுத்தைப் பார்த்து மூன்று வருடமாக எழுத்துக் கோத்தவர் அவர். அவருக்குத் தெரியும். தெரிந்தது அவரையும் சேர்த்து மூன்று பேருக்குத்தான்.

“பாய்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுவமா?”

“எதுக்கு?”

“இல்ல, சும்மாதான்.”

“செத்தது எம் பொண்டாட்டி.”

காமராஜ் தாளை மடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

பாய் என்பது அபுதாஹிர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடை. மூன்று வருடத்துக்கு முன் பிட் நோட்டீஸ் எழுதச் சொல்லிப் பொன்னுராஜைக் கூப்பிட்டிருந்தார். ‘தரமான எவர்சில்வர் பாத்திரங்களுக்கு’ என்று தொடங்கி அவன் எழுதி வந்ததைச் செல்லக்கனி அடுப்படியில் நின்றபடி படித்தாள். “இத வச்சு வடை மடிக்கலாம்” என்றாள். “பித்தளக் குடத்துல பச்சை புடிச்சா என்ன செய்யணும்னு எழுதுங்க. அத ஒருத்தியும் கிழிச்சுப் போட மாட்டா. பெட்டிக்குள்ள வப்பா.”

அப்படித் தொடங்கியதுதான் நம்ம வீடு என்கிற நான்கு பக்க மாத இதழ். விலை கிடையாது. மாதத்தின் முதல் வெள்ளி கடையில் கொடுப்பார்கள். இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குவது, குக்கர் விசில் அடைத்தால் பார்ப்பது, இட்லிக் கொப்பரைக்கு எத்தனை செம்பு தண்ணீர். கடைசிப் பக்கத்தில் பெரியக்கா பதில்கள். பழைய தைல விளம்பரம் ஒன்றிலிருந்து காமராஜ் எடுத்துக் கொடுத்த படப் பிளாக்கில், கண்ணாடி போட்ட ஐம்பது வயது அம்மாள் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் பெரியக்கா.

கடைப் பேரைப் பதிலுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது செல்லக்கனி போட்ட சட்டம். ஒருமுறை மடவார் வளாகத்திலிருந்து ஒருத்தி, வெண்கலப் பானை கறுத்துவிட்டது, புதிதாக எவர்சில்வர் வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாள். ‘வேண்டாம், ஈயம் பூசுங்கள், இன்னும் இருபது வருடம் வரும்’ என்று இவள் பதில் எழுத, பாய் கொதித்துப்போய் பஸ் ஏறி வந்தார். இரண்டு மாதம் கழித்து அதே பெண் மகள் கல்யாணத்துக்கு அத்தனை சாமானும் அந்தக் கடையிலேயே எடுத்தாள். அதன் பிறகு பாய் எதுவும் சொல்வதில்லை.

கடிதங்களில் முதலில் பாத்திரம் மட்டும் இருந்தது. பிறகு மாமியார் வந்தாள். பிறகு புருஷன். செல்லக்கனி எல்லாவற்றையும் ஒருமுறை வாய்விட்டுப் படிப்பாள், பதில் எழுதுவாள், கடிதத்தை அடுப்பில் போடுவாள்.

பதினோரு மணிக்கு ஒப்பாரி ஏறியது. செல்லக்கனியின் அம்மா வெள்ளத்தாய் மகளின் பெருமைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள். கோலம் போடும் கை, மாமன் வந்தால் எழுந்து நிற்கும் மரியாதை, கறிக்கு மசாலை அரைக்கும் பக்குவம். பொன்னுராஜ் கேட்டுக்கொண்டே இருந்தான். எழுதியது வரவில்லை. வெள்ளத்தாய்க்கு எழுத்தும் தெரியாது, மகள் எழுதியதும் தெரியாது.

“கல்லு கெணக்க இருக்கான் பாரு” என்றாள் ஒருத்தி, அவன் காதுபட.

“படிச்சவன்லா. அவியளுக்கெல்லாம் உள்ள ஓடும்” என்றாள் பக்கத்து வீட்டு அழகுத்தாய். பஞ்சாலையில் வேலை பார்க்கிறவள். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவள் தலையில் பஞ்சைக்கூடத் தட்டாமல் நின்றாள். ஆஸ்பத்திரியில் இருந்த ஆறு நாளும் இவனுக்குச் சோறு கொண்டு வந்தவளும் அவள்தான். மஞ்சள் காமாலை இந்த அளவுக்குப் போகும் என்று அந்த வளவின் வரிசை வீடுகளில் யாரும் நினைக்கவில்லை.

பாய் பன்னிரண்டு மணிக்கு மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு வெகுநேரம் அவள் முகத்தைப் பார்த்து நின்றார். பிறகு பொன்னுராஜைத் தோளில் தொட்டு, வளவுக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

“காமராஜ் காட்டுனாரு தம்பி.”

“ஒரே வரிதான் பாய்.”

“எனக்கு வயிறு எரியுது. அல்லாமேல ஆணையா சொல்லுதேன், எம் பிள்ள மவுத்தான மாதிரி இருக்கு. ஆனா அந்த வரி வேண்டாம்.”

“யாபாரம் போயிரும்னா?”

“ஆமா, போவும். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். பஸ் ஸ்டாண்டுகிட்ட மூணு மாடியில ஒருத்தன் கடை போடுதான். எங்கிட்ட என்ன இருக்கு? பெரியக்காதான் இருக்கா.” பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “ஆனா அத விடு. தளவாய்புரத்துக்காரி ஒருத்தி புருஷன் அடிக்கான்னு எழுதுனாள்ல? அவ யாருக்கு எழுதுனா? அம்பது வயசுப் பொம்பளைக்கி. பக்கத்தூர்ல இருக்க சின்னப் பிள்ளைன்னு தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பாளா? அம்புட்டு பேரும் நாளைக்கி என்ன நெனப்பாளுவ? எவகிட்ட எல்லாத்தையும் கொட்டுனோமோன்னு பதறுவாளுவ.”

பொன்னுராஜ் பின்சுவரில் சாய்ந்தான்.

“யாருக்கும் தெரியக் கூடாதுன்னு கண்டிசன் போட்டது நானில்ல தம்பி. ஒம் பொண்டாட்டி.”

அது உண்மை.

போஸ்டர் இரண்டு மணிக்கு வந்தது. இயற்கை எய்தினார் என்பதற்குக் கீழே வெறும் கறுப்புக் கோடு ஒன்று போட்டிருந்தார் காமராஜ். அவன் முகத்தைப் பார்க்காமல், பசை வாளியோடு தெருக்கோடிக்குப் போய்விட்டார். மூன்று மணிக்குத் தூக்கினார்கள்.

புதன்கிழமை சுடுகாட்டில் காடாத்து முடிந்து உறவுக்காரர்கள் பஸ் ஏறினார்கள். வெள்ளத்தாய் மட்டும், “எங்கூட வந்திருதியா, மருமவனே?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனாள். வீடு ஒரே அறை. கதவை அடைத்தால் இருட்டு, திறந்தால் வளவு முழுவதும் உள்ளே பார்க்கும். அவன் அடைத்து வைத்தான்.

சாயங்காலம் கதவு தட்டப்பட்டது.

“தம்பி, ரசம் வச்சேன். சூடா இருக்கு.”

அவன் எழுந்திருக்கவில்லை. அழகுத்தாய் கொஞ்ச நேரம் நின்றாள். கிண்ணத்தை வாசலில் வைத்து மேலே தட்டைக் கவிழ்த்தது கேட்டது. இரவு திறந்து எடுத்தான். ஆறியிருந்தது. நின்றபடியே குடித்தான்.

வியாழன் காலையில் பாய் மறுபடி வந்தார். கையில் ரப்பர் வளையம் போட்ட கடிதக் கட்டு.

“நாளைக்கி முதல் வெள்ளி” என்றார். உட்காரவில்லை.

“நாலு பதில் ஆஸ்பத்திரியிலயே எழுதிக் குடுத்துட்டா பாய்.”

“பக்கத்துக்கு ஆறு வேணும்.”

“நாலோட போடுங்க. கீழ, இதோட பதில்கள் முடியுதுன்னு போட்டுருங்க. செத்துட்டான்னு போட வேண்டாம். முடியுதுன்னு.”

பாய் சுவரைப் பார்த்தார். அவள் சேலை ஒன்று கொடியில் கிடந்தது.

“ஒன்ன வற்புறுத்த மாட்டேன் தம்பி. மதுரையில ஒரு வாத்தியார் இருக்காராம். கேள்வி பதில்லாம் நல்லா எழுதுவாராம். அவர்கிட்டக் குடுத்துருதேன். நீ கொஞ்ச நாள் படுத்து எந்திரி.”

“ஆம்பளையா?”

“வாத்தியார்னேன்லா.”

யாரோ ஒரு வாத்தியார். ‘அன்புச் சகோதரிக்கு’ என்று தொடங்குவார். ‘அன்னாரது’ என்று எழுதுவார். அந்தக் கண்ணாடி போட்ட முகத்துக்குக் கீழே.

பொன்னுராஜ் கையை நீட்டினான். பாய் கட்டைக் கொடுத்தார்.

“ரெண்டு போதும். சாயங்காலம் வாரேன்.”

முதல் கடிதம் சுலபமாக இருந்தது. பால் குக்கரில் தண்ணீர் ஊற்றும் இடத்தில் உப்புப் படிகிறது. புளித்தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடச் சொல்லி எழுதினான். அவள் சொல்வது போலவே, ‘சோம்பேறித்தனம் பார்க்காமல் மாதம் ஒருமுறை’ என்றும் சேர்த்தான். பேனா தானாக ஓடியது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவதை எடுத்தான். இன்லண்ட் லெட்டர். செவ்வாய்க்கிழமை ராஜபாளையத்தில் போட்டது. எழுத்து பெரிதாக, கோட்டுக்கு மேலும் கீழும் போயிருந்தது.

‘பெரியக்காவுக்கு. என் பேர் போட வேண்டாம். நான் பாத்திரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எங்கள் வளவில் ஒரு பிள்ளை இறந்துவிட்டாள். இன்றைக்குத்தான் தூக்கினார்கள். நல்ல பிள்ளை. அவள் வீட்டுக்காரர் படித்தவர். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எல்லாரும் ஒரு மாதிரிப் பேசுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை அக்கா. அவர் கதவை அடைத்துக்கொள்வார் என்று பயமாக இருக்கிறது. எனக்குப் பேசத் தெரியாது. போய்த் தட்டினால் தொந்தரவா, தட்டாமல் விட்டால் பாவமா? இந்த மாதிரி விஷயமெல்லாம் அந்தப் பிள்ளையிடம்தான் கேட்பேன். இப்போது யாரிடம் கேட்பது? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.’

சுவருக்கு அந்தப் பக்கம் அழகுத்தாய் யாரிடமோ, “ஏட்டி, வெங்காயத்த இம்புட்டுப் பெருசாவா நறுக்குவ?” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மகளாக இருக்கும்.

அவன் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தான். மறுபடி நிமிர்த்தினான்.

செல்லக்கனி என்ன எழுதியிருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். ஒரு நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டாள். ‘தட்டுங்கள். திறக்காவிட்டால் திட்டுங்கள். அப்புறமும் திறக்காவிட்டால் மறுநாள் வந்து தட்டுங்கள்.’ அந்த வரிகள் முழுசாக, அவள் குரலிலேயே வந்து நின்றன. எழுத வேண்டியதுதான் பாக்கி. எழுதினால் நாளைக்கே கதவு தட்டப்படும். அவன் திறக்க வேண்டியிருக்கும். திறந்தால் ஏதாவது பேச வேண்டியிருக்கும்.

நெடுநேரம் பேனாவை மூடியும் திறந்தும் இருந்தான். பிறகு எழுதினான்.

‘அவரை அவர் போக்கில் விடுங்கள். சிலருக்கு ஆறுதல் சொன்னால் பாரம் கூடும். கதவைத் தட்ட வேண்டாம். சாப்பாடு வைக்க வேண்டாம். பேச்சுக் கொடுக்க வேண்டாம். சத்தமில்லாமல் இருங்கள். அதுதான் நீங்கள் செய்யக்கூடிய உதவி.’

இன்லண்ட் லெட்டரை அடுப்பில் போட்டான். ஒன்பது நாளாக அடுப்பு எரியவில்லை. தீப்பெட்டியைத் தேடிப் பற்றவைக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் பாய் வாசலில் நின்றபடியே இரண்டு பதிலையும் படித்தார். இரண்டாவதை இன்னொருமுறை படித்தார். அவர் கண் கலங்கியது.

“அந்தப் பிள்ள எழுதுன மாதிரியே இருக்கு தம்பி. வித்தியாசமே தெரியல.”

பொன்னுராஜ் தலையசைத்தான்.

“மாசா மாசம் இப்படியே எழுதிரு. அவ எங்கயும் போகல பாத்துக்க.”

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பகல் ஷிப்ட் விட்டது. மில் பெண்களில் யாரோ ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது இதழை வாங்கி வந்திருந்தாள். வளவில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நாலைந்து பேர் உட்கார்ந்ததும், அழகுத்தாயின் மகள் சத்தம் போட்டுப் படிக்கத் தொடங்கியதும் அடைத்த கதவு வழியே கேட்டன. பால் குக்கர் வந்தது. அவள் எழுதிய நாலும் வந்தன. ஒன்றுக்குச் சிரித்தார்கள். அவள் ஆஸ்பத்திரியில் எழுதிவிட்டு, அவளே சிரித்த வரி அது.

கடைசிப் பதிலைப் பாதி படிக்கும்போதே, “ஏட்டி, மெல்ல” என்றாள் அழகுத்தாய்.

பிறகு எதுவும் கேட்கவில்லை. முணுமுணுப்பாகப் படித்து முடித்திருக்க வேண்டும்.

“இப்படியா சொல்லுதாவ?” என்றாள் ஒருத்தி, தணிந்த குரலில். “சோறுகூட வைக்கக் கூடாதுன்னா?”

“எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு.” அழகுத்தாயின் குரல். “இருந்தாலும் அக்கா நல்லது கெட்டது பாத்தவிய. காரணம் இல்லாம சொல்ல மாட்டாவ.”

“அப்பம் அவருக்கு வச்ச ரசம்?” என்றாள் மகள்.

“நீங்களே குடிங்க.”

பொன்னுராஜ் எழுந்தான். கதவு வரைக்கும் வந்தான். தாழ்ப்பாளில் கை வைத்தான். வெளியே போய் என்ன சொல்வது? அது பெரியக்கா எழுதியது இல்லை என்றா? அப்படியானால் யார் எழுதியது என்று கேட்பார்கள். இதற்கு முன்னால் எழுதியது யார் என்று கேட்பார்கள்.

எதிர்வீட்டு ரேடியோ பாட்டுக்கு நடுவில் நின்றது. பிள்ளைகளை யாரோ தெருவுக்கு விரட்டினார்கள். எல்லோரும் சேலையை உதறி எழுந்து போகும் சத்தம் கேட்டது. அதுவும் மெதுவாகத்தான் கேட்டது.

அவன் கதவிடுக்கில் பார்த்தான். அழகுத்தாய் குழாயடியில் தனியாக நின்றாள். நிரம்பிய குடத்தைத் தூக்கித் தொட்டிக் கல்மேல் வைக்கப் போனவள், இந்தக் கதவை ஒருமுறை பார்த்தாள். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கல்லில் விரித்தாள். அதன்மேல் குடத்தை, ஓசை எழாமல் இறக்கி வைத்தாள்.