பூட்டிய வீட்டுக்குக் கூலி

கிடங்கில் கால் வைக்க இடமில்லை. விடுமுறைக்கால ஆர்டர்கள் கூரையை முட்டி நின்றன. வார முடிவுக்குள் பெட்டிகள் நகராவிட்டால் ஒப்பந்தத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று பெரிய கடைக்காரர்கள் காலையிலேயே சொல்லிவிட்டார்கள். வேன் ஒன்றுகூட வரவில்லை.

கிடங்கைப் பார்த்துக்கொள்பவன் முதலாளியின் மருமகன். டிரைவர்களுக்கு அவன் 'மாப்பிள்ளை'. வேன் அவர்களுடையது, டீசலும் அவர்களுடையது. வீட்டில் ஒப்படைத்த பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. போன் போட்டால் எல்லாரும் ஒரே பாட்டு: "வண்டி ஒர்க்‌ஷாப்ல கிடக்கு மாப்ளே."

ஒர்க்‌ஷாப்புக்கே போனான். அங்கே மெக்கானிக் ஒரு ஸ்கூட்டரைக் குடைந்துகொண்டிருந்தார்.

"உங்க வேனுங்களா? பின்தெருவுல போய்ப் பாருங்க. வரிசையா நிக்குது."

நின்றன. முதல் வேனின் ஜன்னல் வழியே காலை நீட்டிப் படுத்திருந்தாள் டிரைவர் அக்கா. பக்கத்தில் மற்றவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"ரிப்பேர்னு சொன்னீங்களே அக்கா?"

"ரிப்பேர்தான். வண்டிக்கில்ல, எங்களுக்கு." எழுந்து உட்கார்ந்தாள். "லீவுல பாதி வீடு பூட்டிக் கிடக்கு. நாலு மாடி ஏறி மணியடிச்சு, அதே பெட்டியத் தூக்கிக்கிட்டு எறங்கறோம். அதுக்கு ஒத்தைக் காசு கிடையாது. வேலை ரெண்டு மடங்கு, வரும்படி பாதி. என்னங்கடா உங்க சீசன்?"

அவன் போனை எடுத்தான். எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டு மாமனாரைக் கூப்பிட்டு, பூட்டிய வீட்டுக்கும் கூலி தரவேண்டும் என்றான்.

"பெட்டியே குடுக்காம கூலியா? நான் என்ன தர்மம் பண்ணவா கிடங்கு கட்டினேன்?"

"மாமா, கல்யாணம் பேச எங்க வீட்டுக்கு வந்தீங்க. ரெண்டு தடவை பூட்டியிருந்துச்சு. அந்தப் பெட்ரோல் செலவை இன்னைக்கும் சாப்பிடறப்பெல்லாம் சொல்லிக் காட்டறீங்க. இவங்க தினம் இருபது வீட்டுக்கு அப்படிப் போறாங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"யாருடா அங்க சிரிக்கறது?" மாமனார் உறுமினார். "சரி, பாதிக் கூலி."

அக்கா போன் பக்கம் சாய்ந்தாள். "ஏறுற படி பாதியா இல்லீங்களே முதலாளி."

"ஒப்பந்தம் போயிடும் மாமா" என்றான் மருமகன்.

"முழுசாவே குடுத்துத் தொலை! நீ வீட்டுக்கு வா, உன்கிட்ட பேசிக்கறேன்."

சீட்டுக்கட்டு சட்டைப்பைக்குள் போனது. வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடங்கு வாசலில் பின்பக்கம் காட்டி நின்றன. பெட்டிகள் கை மாறின. வசவும் கிண்டலும் கூடவே மாறின. மறுநாள் சாயங்காலம், பூட்டிய வீடுகளிலிருந்து திரும்பிய பெட்டிகள் ஒரு மூலையில் ஒதுங்க, கிடங்கின் தரை தெரிந்தது. தூசியாக இருந்தாலும் அவனுக்கு அது அழகாகத்தான் பட்டது.

பெரிய கடையிலிருந்து போன். "இன்னும் ரெண்டு லாரி லோடு அனுப்பட்டுமா?"

அவன் அக்காவைப் பார்த்தான்.

"வரட்டும்" என்றாள் அவள், கழுத்தைத் துடைத்துக்கொண்டே. "லிஃப்ட் இருக்கற வீடாப் பார்த்து அனுப்பச் சொல்லுங்க மாப்ளே."