மணல் மூட்டை

கடப்பாக்கம் கடற்கரையில் மீன் ஏற்றும்போதெல்லாம் எங்கள் பழைய காரின் ஒரு பின்சக்கரம் மணலில் சும்மா சுற்றும். மற்றது அசையவே அசையாது. என் கூட்டாளி ஏசுபாதத்துக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டும் சேர்ந்தே சுழலட்டும் என்று வளைவில் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிபரன்ஷியலுக்குள் பற்சக்கரங்களை வெல்டிங் வைத்து இறுக்கிவிட்டான்.

"இனிமே மணலாவது மண்ணாங்கட்டியாவது, அண்ணாத்த!" என்றான்.

உண்மைதான். மணலில் கார் தார் ரோட்டில் போவதுபோலப் போனது. தார் ரோட்டில்தான் வினை.

மதுராந்தகத்தில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்துக்காகக் காரை மீன் வாடை போகக் கழுவிக் கொண்டுபோயிருந்தோம். முதல் தெருமுனையில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். டயர்கள் கிறீச்சிட்டன, கார் நேராகவே போனது. பிரேக்கை மிதித்தேன். நாதஸ்வரம் நின்றது.

"வளைவுல ரெண்டு சக்கரமும் ஒரே மாதிரி சுத்துனா எப்படிடா திரும்பும்? இப்போ இன்னா பண்ணுவே?" என்று கத்தினேன்.

ஏசுபாதம் இறங்கி ஓடினான். பக்கத்தில் வீடு கட்டும் இடத்திலிருந்து கூடையில் மணல் வாரிவந்து பின்சக்கரங்களுக்கு முன்னால் கொட்டினான். டயர்கள் வழுக்க, கார் பதவிசாகத் திரும்பியது. ஊர்வலம் முடியும்வரை கூடையோடு எங்களுக்கு முன்னால் நடந்தான்.

இப்போதெல்லாம் கடப்பாக்கம் போனால், மீனுக்கு முன்னால் ஒரு மூட்டை மணலைத்தான் ஏற்றுகிறோம்.