மஞ்சள் கறுப்புக் கட்டம்

வல்லக்கோட்டை பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் மேல் மாடி எடுக்க ஆரம்பித்திருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் உதயசூரியன், தன் பிளான்ட் ஹெட்டின் புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காக மறைமலை நகர் போனார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். திரும்பி வரும்போது வாக்-இன் கிளாசெட் கேட்கிற மனிதராக வந்தார்.

"குழலி, அவர் வூட்ல துணிக்குன்னே தனி ரூம் கீது. உள்ள நடந்து போலாம். நம்ம மாடியிலயும் ஒண்ணு வைக்கிறோம். உனக்காகத்தான்."

எனக்காக என்று இந்த வீட்டில் ஏற்கெனவே பல பொருள்கள் வந்திருக்கின்றன. பெரிய குக்கர், சாய்த்து ஊற்றும் கிரைண்டர், துணி துவைக்கும் மிஷின். அந்த வரிசையில் இப்போது ஓர் அறையும் சேரப்போகிறது என்று புரிந்துகொண்டேன்.

முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார் மரகதம் நிமிர்ந்தார்.

"இன்னாதுடா, நடந்துகினே போற கக்கூசா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் கொத்தனாருக்கும் ப்ளம்பருக்கும் மாமியாருக்கும் கிளாசெட் என்றால் ஒன்றுதான்: உட்காரும் பீங்கான். அது இல்லை இது என்று மகன் நெடுநேரம் விளக்கினார். மரகதம் அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "துணிக்கு ரூமு. சரிதான். இங்க மனுஷனுக்கே இல்ல" என்று உளுந்துக்குத் திரும்பினார்.

வேடிக்கையாகச் சொன்ன அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. துணிகளுக்கு மட்டும் ஓர் அறை. துணிகள் சாப்பாடு கேட்காது, சாவி எங்கே என்று கேட்காது. அங்கே ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்குத் தரை காலியாக இருந்தால் போதும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வீட்டில் எனக்கு இடமே இல்லை என்று சொன்னால் அது நன்றிகெட்டதனம். சமையலறை முழுவதையும் எனக்கே எனக்கென்று எல்லோரும் தாராளமாக விட்டுக்கொடுத்திருந்தார்கள். யாரும் பங்குக்கு வந்ததில்லை. கதவைச் சாத்திக்கொள்ள வேண்டுமென்றால் குளியலறை இருக்கிறது. அங்கே தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றும் நேரத்தில் என் மகள் யுவஸ்ரீ கதவைத் தட்டி, "அம்மா, மயிலுக்குப் பல்லு இருக்குமா?" என்று கேட்பாள். பதில் சொல்லாவிட்டால் அழுவாள். சொன்னால் அடுத்த பிராணிக்குப் போவாள்.

உதயன் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் புரொடக்‌ஷன் எஞ்சினியர். அங்கே ஃபைவ் எஸ் என்று ஒரு மதம் இருக்கிறது. பிரி, அடுக்கு, துடை என்று போகும் ஐந்து கட்டளைகள். பெரும்பாலானவர்கள் ஷிஃப்ட் முடிந்ததும் அந்த மதத்தை கேட்டிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறுவார்கள். என் கணவர் வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்.

சுவர் எழும்புவதற்கு முன்பே மொட்டைத்தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி கிளாசெட்டை வரைந்தார். அகலம் ஆறு அடி, நீளம் எட்டு அடி. ஒரு பக்கம் தொங்கும் துணி, அதற்கு இரண்டடி ஆழம். எதிர்ப்பக்கம் மடித்த துணி, அதற்கு ஒன்றரை. நடுவில் நடைபாதை. பிறகு என்னை டேப் கதவு வழியாக உள்ளே வரச் சொல்லி, இல்லாத புடவையை எடுத்து, இல்லாத ஜாக்கெட்டைத் தேடி, இல்லாத கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். நான் நடக்க நடக்கக் காகிதத்தில் கோடு இழுத்தார். அதற்கு ஸ்பகெட்டி டயகிராம் என்று பெயராம். பார்த்தால் இடியாப்பம் மாதிரிதான் இருந்தது.

"பார்த்தியா? ஜாக்கெட் எடுக்க மறுபடி திரும்பி வர்ற. வேஸ்ட் மூவ்மென்ட். ஜாக்கெட்டைப் புடவைக்குக் கீழயே வச்சா முடிஞ்சது."

"சரிங்க. அந்தக் கடைசி மூலை மட்டும் சும்மா இருக்கட்டுமே."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மா."

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "குழலி, சும்மாங்கறதே ஒரு வேஸ்ட். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு ஃபங்ஷன் இருக்கணும்."

"அந்த மூலைல என் பித்தளை அண்டாவ வச்சிக்கினு போறேன்" என்று படியில் நின்றபடியே அத்தை சொன்னார். மூலைக்கு உடனே ஒரு ஃபங்ஷன் கிடைத்துவிட்டது. உதயன் அண்டாவை வட்டமாக வரைந்தார்.

அடுத்த வாரம் கணக்கெடுப்பு. எவ்வளவு துணி இருக்கிறது என்று தெரிந்தால்தான் எத்தனை தட்டு என்று முடிவு செய்யலாம் என்றார். நியாயம்தான். கம்பெனியில் ஆறு மாதமாகத் தொடாத பொருளுக்குச் சிவப்புச் சீட்டு கட்டுவார்கள். பிறகு அதை வெளியேற்றுவார்கள். அந்த ரெட் டேக் கட்டு ஒன்றோடு வந்து என் பீரோவைத் திறந்தார். சற்று நேரத்தில் என் பட்டுப்புடவைகள் எல்லாம் சிவப்புக் காது வைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தன. கூறைப்புடவைக்கும் ஒன்று.

"இதை எப்போ கடைசியா யூஸ் பண்ண?"

"நம்ம கல்யாணத்துல."

"அப்போ நான்-மூவிங் ஐட்டம்."

அத்தை எட்டிப் பார்த்தார். "தாலியக்கூட ஒரே வாட்டிதான்டா கட்டின. அதுக்கும் சீட்டு ஒட்டிட்டுப் போ."

கூறைப்புடவை தப்பித்தது. உதயனின் பக்கத்துக் கதவை நான் திறந்து காட்டினேன். சேஃப்டி வாரத்துக்கு ஒன்று, குவாலிட்டி மாதத்துக்கு ஒன்று, கெய்சன் போட்டிக்கு ஒன்று என்று கம்பெனி கொடுத்த டீ-ஷர்ட்கள் கவர் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. அவர் அவற்றை ஆராய்ந்தார். "இது ரெக்கார்டு" என்று சொல்லிக் கதவை மூடினார். ரெக்கார்டுக்காக கிளாசெட்டில் தனித்தட்டு வந்தது. என் மூலைப் பக்கமாக.

அன்று துணிகளை மறுபடி பீரோவில் அடுக்கும்போது ஒன்று யோசித்தேன். எனக்கு உட்கார இடம் வேண்டும் என்று நேராக ஏன் கேட்கவில்லை? கேட்டால் கிடைக்கும். நாற்காலி வாங்கிப் போடுவார். அதற்கு எனக்காக என்று பெயர் வைப்பார். எதற்கு உட்காரப் போகிறாய் என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாமல் இருப்பதற்குத்தான் அந்த இடமே.

கல்யாணத்துக்கு முன்னால் நானும் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நின்றவள்தான். அங்கே கைமுட்டி இடிக்காமல் திரும்ப முடியாது. ஆனால் கரண்ட் பேனலுக்கு முன்னால் மட்டும் தரையில் மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்டு ஒரு கட்டம். அதற்குள் ஒரு ஸ்குரூகூட வைக்கக்கூடாது. அவசரத்துக்கு ஓடிவந்து ஸ்விட்சை அணைக்க வழி வேண்டுமாம். எங்களை விரட்டுகிற சூப்பர்வைசர்கூட அதைச் சுற்றித்தான் போவார். கம்பெனியிலேயே ஒன்றும் செய்யாமல் இருந்ததற்காக மதிக்கப்பட்ட ஒரே பொருள் அந்தத் தரைதான். அதன் மேல் எனக்குப் பொறாமை. அந்தப் பொறாமை அத்தனை வருஷம் கழித்து எனக்கு உதவும் என்று அப்போது தெரியாது.

மாடிச் சுவர் எழும்பி, வயரிங் வேலைக்கு எலெக்ட்ரீஷியன் சுடலைக்கண்ணு வந்தார். திருநெல்வேலிக்காரர், ஒரகடத்தில் லாட்ஜ் லாட்ஜாக வயர் இழுத்தவர்.

"ஏக்கா, டிபி பாக்ஸ எங்கன வைக்கணும்னு இன்னைக்கே சொல்லிருங்க, சொவத்த வெட்டிருதேன். நாளைக்குப் பூச்சு முடிஞ்ச பொறவு என்னைய ஏசக்கூடாது."

டிபி என்பது மாடி வீட்டுக்கான எல்லா ஸ்விட்சும் அடங்கிய கரண்ட் பெட்டி. ஹால் சுவரில் வைப்பதாகத் திட்டம். அந்தச் சுவரில்தான் வல்லக்கோட்டை முருகன் படம் மாட்டப்போவதாக அத்தை எப்போதோ முடிவு செய்துவிட்டார்.

"முருகன் தலைமேல கரண்ட் பொட்டியா? நல்லா கீதுடா உங்க பிளானு."

"சமையல்கட்டுல தண்ணி பட்டுரும்" என்றார் சுடலைக்கண்ணு. "ரூம்ல வச்சா ஏசி இடிக்கும்."

எல்லோரும் சுவர்களைப் பார்த்தார்கள். நான் மிக மெதுவாகச் சொன்னேன். "கிளாசெட்டுல வைக்கலாமே. அந்தக் கடைசி மூலைச் சுவர்ல."

"துணி பக்கத்துலயா?" உதயன் பதறினார். "ஃபயர் ரிஸ்க், குழலி."

"ஆமாங்க, அதுவும் சரிதான். முன்னால மூணடி காலியா விட்டு, பிளான்ட்ல பண்ற மாதிரி கோடு போட்டா ஒருவேளை சரியா வருமோ என்னவோ. எனக்கு என்ன தெரியும்."

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை. தன் மதத்துக்கு மனைவியே வந்து சேர்ந்துவிட்டாள். அடுத்த சம்பள நாளுக்குக்கூடக் காத்திராமல் மஞ்சள் கறுப்பு டேப் வாங்கிவந்தார்.

நாங்கள் மாடிக்குக் குடிபோனோம். கீழ் வீட்டில் ஃபேக்டரிப் பையன்கள் வாடகைக்கு வந்தார்கள். முதல் நாளே அத்தை அண்டாவை உருட்டிக்கொண்டு கிளாசெட்டுக்கு வந்தார்.

"அம்மா, அங்க வைக்காதே. அது கீப் க்ளியர்."

"இன்னாது, கீப்பா? பொண்டாட்டிய பக்கத்துல வச்சிகினே சொல்றியேடா!"

அண்டா கட்டிலுக்கு அடியில் போயிற்று. நான் கட்டத்துக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

எனக்குள் இத்தனை வருஷமாகப் பேசக் காத்திருக்கும் ஒருத்தி இருக்கிறாள், இடம் கிடைத்தால் வெளியே வருவாள் என்று நான் நம்பியிருந்தேன். வந்தாள். தோசைமாவு நாளைக்குப் போதுமா என்று கேட்டாள். அவளை உட்காரச் சொன்னேன். பொறுத்திருந்தால் வேறு ஏதாவது சொல்லக்கூடும். சில நாள்களில் அவள் மாவைப் பற்றிக் கேட்பதைக் குறைத்தாள். ஒன்றுமே பேசாமலும் இருந்தாள். அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் கீஸரும் அயர்ன்பாக்ஸும் சேர்ந்தால் ஸ்விட்ச் விழும். விழுந்தால் உதயன் வருவார், பின்னால் டார்ச்சோடு அத்தை வருவார், அவர் பின்னால் யுவஸ்ரீ. எனக்கென்று சம்பாதித்த மூன்றடி, ஸ்ரீபெரும்புதூர் சுங்கச்சாவடி மாதிரி ஆகிவிட்டது. எல்லோரும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். கரண்ட் இருந்தாலோ, ஹாலில் அத்தையின் சீரியலில் ஒருத்தி அழுவாள். டேப்லெட்டில் யுவஸ்ரீயின் பூனை பாடும். சுவர் இருந்தும் அவர்கள் எல்லோரும் என் மடியில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு மத்தியானம், சீரியலில் அழுகிறவள் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தொடங்கும் சமயத்தில், என் கை தானாக மேலே போயிற்று. பெட்டிக் கதவைத் திறந்து மெயினைக் கீழே தட்டினேன்.

டக்.

அழுகிறவள் நடுவில் நின்றாள். பூனைகூட, வைஃபை போனதும் வாயை மூடிக்கொண்டது. ஃபிரிட்ஜ் ஒரு முறை உடம்பைக் குலுக்கி அடங்கியது.

"கரண்ட் போச்சு யுவா. வா, பால்கனில காத்து வாங்கலாம்" என்றார் அத்தை.

செருப்புச் சத்தம் வெளியே போயிற்று. வீடு முழுவதும் என் கட்டமாகிவிட்டது.

பால்கனியில் பாட்டியும் பேத்தியும் பேசுவது தூரத்தில் கேட்டது. மயிலுக்குப் பல் இல்லை என்று அத்தை சத்தியம் செய்துகொண்டிருந்தார். அந்தக் கேள்விக்கு வேறொருவர் பதில் சொல்வதைக் கேட்பதில் அவ்வளவு சுகம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. யுவஸ்ரீ சிரித்தாள். நான் அவளிடம் மயிலைப் பற்றிப் பேசியபோது அவள் சிரித்ததாக ஞாபகம் இல்லை. கொஞ்சம் குத்தியது. கொஞ்சம்தான்.

"எம்மா குழலி, நீயும் வாயேன், காத்து ஜோரா அடிக்குது."

"வரேன் அத்தே" என்றேன். போகவில்லை.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. வாரத்தில் சில மத்தியானங்களில் கரண்ட் போகும். கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். ஒரு நாள் அத்தை பால்கனியில் இருந்தே கத்தினார். "கீழ பசங்க ரூம்ல ஃபேன் சுத்துது பாரு. நம்ம வூட்டுக்கு மட்டும் இன்னா கேடு வந்துச்சு?"

அன்று சாயங்காலம் மகனிடம் சொல்லிவிட்டார். ஸ்விட்ச் விழுந்துவிடுகிறது, நான்தான் தூக்கிவிடுகிறேன் என்று நானும் சொல்லிவைத்தேன். உதயன் பெட்டிக்கு முன்னால் நின்று தாடையைத் தடவினார்.

"ரிப்பீட் ப்ராப்ளம்னா ரூட் காஸ் பாக்கணும். தேவைப்பட்டா பாக்ஸையே ஹாலுக்கு மாத்திடலாம். முருகன் படத்தை வேற எடத்துல மாட்டலாம்."

பெட்டி போனால் கோடு போகும். கோடு போனால் அண்டா வரும். ஒரு ஸ்விட்சைத் தட்டத் தெரிந்த சாமர்த்தியத்தில் நானே என் தரையை உடைத்துக்கொண்டேன்.

அவர் ஒரு வெள்ளைக் காகிதத்தைச் சுவரில் ஒட்டினார். கம்பெனியில் எது கெட்டாலும் ஐந்து முறை ஏன் என்று கேட்பார்களாம். ஐந்தாவது ஏனில் உண்மை அகப்பட்டுவிடுமாம். நான் வாசற்படியில் காப்பி டம்ளரோடு நின்றேன்.

"ஏன் ட்ரிப் ஆகுது? லோடு. ஆனா மத்தியானத்துல கீஸரே போடறதில்லையே. அப்போ லோடு இல்ல, ஹீட்." எழுதினார். "ஏன் ஹீட்? காத்தோட்டம் இல்ல. ஏன் காத்தோட்டம் இல்ல?" இருபுறமும் பார்த்தார். "துணி நெருக்கமா கீது. ஏன் நெருக்கம்? இந்தப் பக்கம் தட்டு ஒட்டினாப்ல வந்திருக்கு."

அது ரெக்கார்டுத் தட்டு. கவர் பிரிக்காத டீ-ஷர்ட்கள் எங்களைப் பார்த்தன.

"ஏன் இந்தத் தட்டு இங்க இருக்கு?" என்று ஐந்தாவதாகத் தன்னையே கேட்டுக்கொண்டார். பிறகு மேஜை இழுப்பறையில் இருந்து சிவப்புச் சீட்டுகளை எடுத்துவந்து, ஒரு பக்தர் தன் முடியைத் தானே இறக்குவது மாதிரி, ஒவ்வொரு டீ-ஷர்ட்டுக்கும் கட்டினார்.

"ஏன்டா, இத்தினி நாளா இதுக்குத்தான் வூட்ல இடமே இல்லையா?" என்றார் அத்தை.

ஞாயிற்றுக்கிழமை தட்டைக் கழற்றினார்கள். டீ-ஷர்ட்கள் கீழ் வீட்டுப் பையன்களுக்குப் போயின. இப்போது அவர்கள் எல்லோரும் சேஃப்டி வாரத்தில் நடக்கிறார்கள். உதயன் தரையில் குந்தி, மஞ்சள் கறுப்பு டேப்பைப் பிரித்து, இன்னும் ஓர் அடி தள்ளி ஒட்டினார். கட்டம் பெரிதாகிவிட்டது.

"இனிமே ட்ரிப் ஆகாது, பாரேன்" என்றார்.

ஆகத்தான் செய்கிறது, எப்போதாவது. ரொம்பக் குறைத்துக்கொண்டேன். முன்னேற்றம் தெரிகிறது என்று அவருக்குத் திருப்தி.

ஆறாவதாக ஒரு ஏன் கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். அவர்கள் முறையில் ஐந்துதான். இப்போது காலை நீட்டியே உட்கார முடிகிறது.